அம்பாசடர் மேனிஃபோல்டைத் திரும்பப் பூட்டும்போது

"புதுப் பேக்கிங் போட்டும் டிக் டிக் சத்தம் போகலை" என்று வரும் பழைய அம்பாசடர்களில், பேக்கிங்கில் குறை இருப்பது அபூர்வம். மேனிஃபோல்ட் என்பது இன்ஜின் ஹெட்டில், அதாவது சிலிண்டர்களின் மேல்மூடியில், பூட்டும் வார்ப்புக் குழாய்த் தொகுதி. இரண்டுக்கும் நடுவில் கசிவை அடைப்பதுதான் இந்தப் பேக்கிங். பேக்கிங் உட்கார்ந்த முகம் மட்டமாக இருக்காது, இல்லையென்றால் நட்டுகளை முறுக்கிய வரிசை தப்பாக இருக்கும். அதைச் சரிசெய்யாமல் எத்தனை பேக்கிங் மாற்றினாலும் சில நூறு கிலோமீட்டரில் சத்தம் திரும்பிவிடும்.

காரணம் இந்த இன்ஜினின் அமைப்பிலேயே இருக்கிறது. பழைய பெட்ரோல் அம்பாசடரின் 1489 சிசி இன்ஜின், பிரிட்டனின் பிஎம்சி நிறுவனத்தின் பி-சீரிஸ் வகை. இதில் இன்டேக் (காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும் வழி), எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும் வழி) இரண்டும் ஹெட்டின் ஒரே பக்கத்தில் வரிசையாக நிற்கின்றன. மொத்தம் ஐந்து வாய்கள். இரண்டு ஓரத்திலும் நடுவிலுமாக மூன்று எக்ஸாஸ்ட், அவற்றுக்கு இடையில் இரண்டு இன்டேக். ஒன்று, இரண்டாம் சிலிண்டர்களுக்கு ஓர் இன்டேக் வாய். மூன்று, நான்குக்கு இன்னொன்று. நடு எக்ஸாஸ்ட் வாய் இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களின் புகையை ஒன்றாக வெளியேற்றுகிறது. இன்டேக் மேனிஃபோல்டும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் தனித்தனி வார்ப்புகள். ஆனால் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் ஃபிளேஞ்சுகளை (பூட்டும் விளிம்புகளை) ஒரே ஸ்டட் (ஹெட்டில் நிற்கும் மரைக்கம்பி), ஒரே தடித்த வாஷர், ஒரே நட் பிடிக்கின்றன. ஒன்றின் ஃபிளேஞ்ச் சற்றுத் தடிப்பாக இருந்தால் வாஷர் சாய்ந்து அதை மட்டும் அழுத்தும். மற்றது பூட்டியது போலத் தெரியும், உண்மையில் தளர்ந்தே நிற்கும். கீழே வரும் வேலை எல்லாமே இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

கழற்றுவதில் இருந்தே ஆரம்பிக்க வேண்டும். கடலூர், புதுச்சேரி என்று நம் கடற்கரைப் பக்கம் அதுதான் பாதி வேலை. கடலூர் தேவனாம்பட்டினத்திலோ புதுச்சேரி கடற்கரைத் தெருக்களிலோ வருஷக்கணக்கில் நிற்கும் வண்டியின் ஸ்டட்டுக்கும், கடலை விட்டுத் தள்ளியுள்ள நெய்வேலியில் நிற்கும் வண்டியின் ஸ்டட்டுக்கும் நிறைய வித்தியாசம். உப்புக்காற்றும் எக்ஸாஸ்ட் சூடும் சேர்ந்தால் இரும்பு நட்டும் ஸ்டட்டும் ஒரே துண்டாகிவிடும். அதனால் முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெயை ஒவ்வொரு நட்டின் மரையிலும் விட்டு, இரவில் இன்னொரு முறை விட்டு, காலையில் வேலையைத் தொடங்குங்கள். பேட்டரி நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, பெட்ரோல் ஹோஸை அடைத்து, கார்ப்ரேட்டரையும் ஹோஸையும் வண்டியை விட்டு அப்புறப்படுத்திய பிறகுதான் சூடு காட்டுகிற பேச்சு.

நட் அசையவில்லை என்றால் பைப் மாட்டி இழுக்காதீர்கள். முதலில் முறுக்கும் பக்கமாக ஒரு சின்னத் தட்டு, பிறகு கழற்றும் பக்கம். கால் சுற்று வந்தால் மறுபடி உள்ளே தள்ளி, எண்ணெய் விட்டு, மறுபடி வெளியே. துருத்தூள் மரையில் சேர்ந்து இறுகுவதால்தான் ஸ்டட் முறிகிறது. முன்னும் பின்னுமாக ஆட்டினால் அந்தத் தூள் வெளியே வரும். அப்படியும் வராவிட்டால் கேஸ் டார்ச்சால் நட்டை மட்டும் மங்கிய சிவப்பு வரும் வரை சுட்டு, சிவப்பு மறைந்ததும் ஒரு மெழுகுவத்தியை மரையில் தொட வேண்டும். உருகிய மெழுகு இடைவெளிக்குள் இழுத்துக்கொள்ளப்படும். அதன்பின் பெரும்பாலும் வந்துவிடும். நட்டோடு ஸ்டட்டும் சேர்ந்து கழன்று வந்தால் கவலை வேண்டாம், எப்படியும் புது ஸ்டட் போடத்தான் போகிறோம்.

முறிந்துவிட்டால் அவசரப்படாமல் இருப்பது முக்கியம். வெளியே கொஞ்சம் நீட்டியிருந்தால், அதன் மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டிங் செய்து, அந்தச் சூடு இருக்கும்போதே திருப்புவது ஈஸி அவுட்டைவிட (துளையிட்டு உள்ளே செலுத்தி முறிந்த ஸ்டட்டைத் திருப்பும் கருவி) நம்பகமானது. மட்டமாக முறிந்திருந்தால் சரியான மையத்தில் பஞ்ச் வைத்து, 3 மி.மீ. டிரில்லில் ஆரம்பித்து மெல்லப் பெரிதாக்க வேண்டும். ஈஸி அவுட் உள்ளேயே முறிந்தால் அது சாதாரண டிரில்லுக்கு அசையாது. கையில் இறுக்கம் தெரிந்த உடனே அதை நிறுத்திவிட்டு, ஹெட்டைக் கழற்றி லேத்துக்குக் கொண்டுபோவதே மலிவு. ஹெட்டின் மரை போயிருந்தால் ஹெலிகாயில் (கம்பிச்சுருளால் ஆன புது மரை) போடலாம். அடுத்த பெரிய அளவில் மரை வெட்டி, நட் பக்கம் மட்டும் பழைய அளவுள்ள, படி வைத்த ஸ்டட்டை லேத்தில் கடைந்து போடுவதும் ஒரு வழி.

பழைய பேக்கிங்கைச் சுரண்டும்போது ஓர் எச்சரிக்கை. பழைய வண்டிகளின் எக்ஸாஸ்ட் பேக்கிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம். அதன் தூள் நுரையீரலுக்குப் போனால் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். அதைக் காய்ந்த நிலையில் ஒயர் பிரஷ்ஷால் தேய்க்கக் கூடாது, கம்ப்ரஸர் காற்றால் ஊதக் கூடாது. தண்ணீரில் கொஞ்சம் சோப்பு கலந்து தெளித்து ஊறவைத்து, ஈரத்தோடு சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து, பிளாஸ்டிக் பையில் கட்டிப் போடுங்கள். பட்டறைப் பையன்கள் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்கும் இடத்தில் இந்த வேலையைச் செய்யவே கூடாது.

சுரண்டும் முன் ஹெட்டின் ஐந்து வாய்களிலும் துணி அடைத்து, எத்தனை துணி என்று எண்ணி எழுதி வையுங்கள். எடுக்கும்போதும் எண்ணுங்கள். இன்டேக் வாய்க்குள் ஒரு வாஷர் விழுந்து தெரியாமல் ஸ்டார்ட் செய்தால் வால்வும் பிஸ்டனும் போகும். மேனிஃபோல்ட் அலுமினியமாக இருந்தால் காஸ்டிக் சோடாவில் போடாதீர்கள், அது உலோகத்தையே தின்றுவிடும். மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் போதும்.

இனி முகம். இதற்கு எவ்வளவு நேரம் எடுத்தாலும் தகும்.

முதலில் ஹெட்டின் முகத்தில் ஒரு நல்ல ஸ்டீல் ஸ்கேலை நிமிர்த்தி வைத்து, ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) ஐந்து வாய்களுக்கும் பாருங்கள். ஹெட் முகம் அதிகம் கெடுவதில்லை. கெட்டிருந்தால் பெரும்பாலும் நடு வாயைச் சுற்றிப் புகை அரித்த குழியாக இருக்கும். பிறகு இன்டேக், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுகளைத் தனித்தனியாகப் பாருங்கள். 0.1 மி.மீ., அதாவது 4 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் நான்கு பங்கு) வரை பேக்கிங் தாங்கிக்கொள்ளும். எக்ஸாஸ்டில் அதற்கு மேல் இருப்பதுதான் வழக்கம். சூடாகிச் சூடாகி ஆறிய வார்ப்பிரும்பு இரண்டு முனையும் விலகி வளைந்திருக்கும்.

எவ்வளவு அசைகிறது என்று ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். வார்ப்பிரும்பு ஒரு டிகிரி செல்சியஸுக்கு, ஒவ்வொரு மீட்டருக்கும் சுமார் 0.011 மி.மீ. நீளும். 40 செ.மீ. நீளமுள்ள மேனிஃபோல்ட் 500 டிகிரி கூடினால் 2.2 மி.மீ. நீளும். அதே நேரத்தில் தண்ணீரால் குளிரும் ஹெட் அரை மில்லிமீட்டர்கூட நீளாது. ஆக ஒவ்வொரு முறை வண்டி சூடாகும்போதும் மேனிஃபோல்ட் ஹெட்டின் மேல் சறுக்கியாக வேண்டும். ஓர ஸ்டட் துளைகள் பெரிதாக இருப்பது அதற்குத்தான். துளை ஸ்டட்டை ஒரு பக்கம் முட்டிக்கொண்டிருந்தால் சறுக்க இடமில்லாமல் வளைவதும் வெடிப்பதும் நடக்கும். துளையில் சேர்ந்த துருவையும் கரியையும் வட்ட அரத்தால் எடுத்துவிடுங்கள்.

இன்டேக்கும் எக்ஸாஸ்டும் நடுவில் ஹாட் ஸ்பாட்டில் (எக்ஸாஸ்ட் சூடு இன்டேக்குக்கு ஏறும் இடம்) போல்ட் போட்டு இணையும் வகை என்றால், முகம் சீவுவதற்கு இரண்டையும் தனித்தனியாக லேத் பட்டறைக்கு அனுப்பாதீர்கள். ஹாட் ஸ்பாட் பேக்கிங்கோடு சேர்த்து ஹெட்டில் பூட்டி, அதே நிலையில் நடு போல்ட்டை இறுக்கி, அப்படியே கழற்றி, ஒரே துண்டாகக் கொடுத்து ஒரே மட்டத்தில் சீவச் சொல்லுங்கள். ஹெட் ஃபேசிங் மெஷின் இருக்கும் எந்தப் பட்டறையிலும் முடியும். புதுச்சேரியில் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் விசாரிக்கலாம். பிடிமானம் கட்டத் தெரிந்த ஆள் வேண்டும். ஏனோதானோவென்று கிளாம்ப் போட்டு இறுக்கினால் வளைந்த நிலையில் சீவப்பட்டு, அவிழ்த்ததும் மறுபடி வளைந்துகொள்ளும். வளைவு 0.2 மி.மீ.க்குள் இருந்தால் வீட்டிலேயே முடிக்கலாம். 12 மி.மீ. கண்ணாடிப் பலகையில் 80 நம்பர் எமரி, பிறகு 120. முகத்தில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு, எட்டு வடிவில் தேய்த்து, எல்லாக் கோடும் அழியும் வரை.

சீவி முடிந்ததும் பலரும் விட்டுவிடுகிற ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு ஸ்டட் இடத்திலும் இரண்டு ஃபிளேஞ்சின் தடிப்பையும் வெர்னியரால் அளந்து எழுதுங்கள். எக்ஸாஸ்ட் அரை மில்லிமீட்டர் சீவப்பட்டு இன்டேக் அப்படியே இருந்தால், வாஷர் இன்டேக்கின் மேல்தான் உட்காரும். 0.1 மி.மீ. வித்தியாசம் வரை வாஷர் சமாளிக்கும். அதற்கு மேல் என்றால் தடித்த ஃபிளேஞ்சின் வெளிப்பக்கத்தை, வாஷர் உட்காரும் இடத்தை மட்டும், அரத்தால் இறக்க வேண்டும். அல்லது வாஷரின் ஒரு பாதியை அந்த வித்தியாசத்துக்குப் படியாக அராவலாம். வளைந்துபோன பழைய வாஷர்களைத் திரும்பப் போடக் கூடாது. மெல்லிய சாதாரண வாஷரும் உதவாது, அது நடுவில் குழிந்துவிடும். 5 மி.மீ. தடிப்புக்குக் குறையாமல் லேத்தில் வெட்டி வாங்குங்கள்.

வெடிப்பு இருந்தால் அது பெரும்பாலும் நடு வாய்க்குப் பக்கத்தில் இருக்கும், அங்கேதான் சூடு அதிகம். வெடிப்பின் இரண்டு முனையிலும் 3 மி.மீ. துளை போட்டு, வி வடிவில் அராவி, மேனிஃபோல்ட் முழுவதையும் 250 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, நிக்கல் ராடால் ஓர் அங்குலம் ஓர் அங்குலமாகப் பற்றவைத்து, ஒவ்வொரு தடவையும் மெல்லத் தட்டி, கடைசியில் சுண்ணாம்புத் தூளிலோ காய்ந்த மணலிலோ புதைத்து ஆறவிட வேண்டும். பித்தளைப் பற்று இந்தச் சூட்டில் நீடிக்காது. பற்றவைத்த பிறகுதான் முகம் சீவ வேண்டும், முன்னால் அல்ல.

ஸ்டட், நட் வாங்கும் இடத்தில் நம் ஊரில் அடிக்கடி நடக்கும் தப்பு, 5/16 அங்குலத்துக்குப் பதில் எம்8 (8 மி.மீ. மரை) வாங்குவது. விட்டம் ஏறக்குறைய ஒன்றுதான், 7.94-க்கு 8. ஆனால் 5/16 யுஎன்எஃப் (நெருக்கமான அங்குல மரை வகை) மரை அங்குலத்துக்கு 24, அதாவது மரைக்கு மரை 1.06 மி.மீ.; சாதாரண எம்8-இல் 1.25 மி.மீ. எம்8 நட் இரண்டு மரை கையால் ஏறிவிடும், மூன்றாவதில் ஸ்பேனர் போட்டால் ஸ்டட்டையே அழித்துவிடும். கையாலேயே கடைசி வரை ஏறாத நட்டைப் போடாதீர்கள். ஹெட்டுக்குள் போகும் முனையின் மரையைப் பழைய ஸ்டட்டோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுத்தான் வாங்க வேண்டும். உள்ளூரில் கிடைக்காவிட்டால் சென்னை ஜி.பி. ரோட்டில் அங்குல அளவு ஸ்டட் கேட்டுப் பார்க்கலாம், வார்ப்பு மேனிஃபோல்டுக்குப் புதுப்பேட்டை. நட் கண்டிப்பாகப் பித்தளையாக இருக்கட்டும். கடற்கரை ஊரில் இதற்கு மாற்றே இல்லை, அடுத்த முறை கழற்றும்போது ஸ்டட் முறியாமல் காப்பது அதுதான். ஸ்டட் துளை ஹெட்டின் தண்ணீர்ப் பாதைக்குள் திறந்திருக்கிறதா என்று மெல்லிய கம்பி விட்டுப் பாருங்கள். திறந்திருந்தால் மரையில் சீலண்ட் தடவிப் போடுங்கள்.

பேக்கிங் ஒரு பக்கம் தகடும் ஒரு பக்கம் நாரும் உள்ளதாக இருந்தால், தகட்டுப் பக்கம் மேனிஃபோல்டைப் பார்க்க வேண்டும். மேனிஃபோல்ட் சறுக்கும் என்று மேலே சொன்னோமே, தகட்டின் மேல்தான் சறுக்க முடியும், நாரின் மேல் சறுக்கினால் அது பிய்ந்துவிடும். சிலிகான் பேஸ்ட் தடவும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். எக்ஸாஸ்ட் பக்கம் அது கருகும், இன்டேக் பக்கம் பெட்ரோல் பட்டு ஊறிப் பிசிறு பிசிறாக உள்ளே போகும். பேக்கிங்கை ஸ்டட்டில் மாட்டி, அதன் துளைகள் ஹெட்டின் வாய்களை மறைக்காமல் இருக்கின்றனவா என்று பார்த்தபின் மேனிஃபோல்டை ஏற்றுங்கள். இன்டேக் வாயில் பொருத்தும் சிறு வளையம் உள்ள வகை என்றால், முகம் சீவிய பிறகு அந்த வளையம் முட்டிக்கொண்டு நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பூட்டும் வரிசை இது. ஹாட் ஸ்பாட் போல்ட்டைக் கை இறுக்கத்தில் மட்டும் வைத்துக்கொண்டு, இரண்டு மேனிஃபோல்டையும் சேர்த்து ஸ்டட்டில் ஏற்றுங்கள். மரையில் செம்பு கிரீஸ் மெல்லியதாக. எல்லா நட்டையும் கையால் ஏற்றி, நடுவில் ஆரம்பித்து இரண்டு பக்கமும் மாறி மாறி ஓரத்துக்கு வாருங்கள். முதல் சுற்று 7 நியூட்டன் மீட்டர், இரண்டாவது 14, மூன்றாவது காய்ந்த மரைக்கு 20. இங்கே கிரீஸ் போட்டிருப்பதால் 17, 18-இல் நிறுத்தினால் போதும். டார்க் ரெஞ்ச் நுழையாத நட்டுக்கு 15 செ.மீ. நீளமுள்ள அரை அங்குல ரிங் ஸ்பேனரின் நுனியில் 12 கிலோ அளவு இழுப்பு, அதாவது மணிக்கட்டு பலம் மட்டும், தோள் பலம் வேண்டாம். எல்லாம் உட்கார்ந்த பிறகு கடைசியாக ஹாட் ஸ்பாட் போல்ட். அதை முதலிலேயே இறுக்கிவிட்டால் இரண்டு மேனிஃபோல்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, எந்த முகமும் ஹெட்டில் முழுமையாக உட்காராது. சத்தம் திரும்பி வரும் வண்டிகளில் நாங்கள் முதலில் பார்ப்பது இதைத்தான்.

சைலன்சர் முன்பைப்பை மேனிஃபோல்ட் முறுக்கிய பிறகே இறுக்குங்கள். கியர்பாக்ஸ் பக்கத்தில் அதைத் தாங்கும் பிராக்கெட் முறிந்திருந்தால் அந்தக் கனம் முழுவதும் மேனிஃபோல்டில் தொங்கும், இன்ஜின் ஆடும்போதெல்லாம் ஸ்டட்டை இழுக்கும். ஃபெஞ்சல் புயலின்போது, 2024 நவம்பர் கடைசியில், புதுச்சேரியில் தண்ணீரில் நின்ற வண்டிகளைப் போல வெள்ளம் கண்ட வண்டி என்றால், சைலன்சர் வழியாக ஏறிய தண்ணீர் திறந்திருந்த வால்வு வழியாகச் சிலிண்டருக்குள்ளும் போயிருக்கலாம். பிளக்குகளைக் கழற்றிக் கையால் இன்ஜினைச் சுற்றிப் பார்க்காமல் செல்ஃப் அடிக்காதீர்கள்.

கார்ப்ரேட்டர் அடியில் இருக்கும் தடித்த பேக்கலைட் கட்டையையும் சூடு தடுக்கும் தகட்டையும் தேவையில்லாதது என்று தூக்கிப் போட்ட வண்டிகள் நிறைய. மே மாத வெயிலில் சிக்னலில் நின்று, மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் தள்ளும் வண்டிகள் அவைதான். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் இருப்பதால் இன்னொரு விஷயமும் சேர்ந்துகொள்கிறது. சுத்த பெட்ரோல் முழுதாக எரிய, ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். 20 சதவீத எத்தனால் கலந்ததற்கு சுமார் 13.5 போதும். கார்ப்ரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளையான ஜெட் பழையதே என்பதால் கலவை ஏற்கெனவே 8 சதவீதம் வறண்டிருக்கிறது, அதாவது பெட்ரோல் குறைவு. முன்பு பொறுத்துப்போன சின்ன ஏர் லீக், இப்போது கார்ப்ரேட்டரில் பொட் பொட்டென்று வெடிப்பாகவும், நாளடைவில் எக்ஸாஸ்ட் வால்வு கருகுவதாகவும் வெளிவரும். பழைய ரப்பர் ஹோஸ்களையும் பம்ப் டயாஃப்ரத்தையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு இதே கையோடு மாற்றிவிடுங்கள்.

ஸ்டார்ட் செய்யும் முன் எக்ஸாஸ்ட் லீக்கைப் பார்க்க எளிய வழி உண்டு. ஆறிய வண்டியில், புளோயரின் குழாயைத் துணி சுற்றிச் சைலன்சர் வாலில் வைத்து ஊதவிட்டு, மேனிஃபோல்ட் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழ் வரும் இடம்தான் லீக். ஓடும் வண்டியில் என்றால், ஒரு ரப்பர் டியூபின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை இணைப்பு நெடுக நகர்த்துங்கள். டேப்பட் சத்தத்தையும் (வால்வை இயக்கும் பாகங்களின் தட்டல்) இதையும் குழப்பிக்கொள்வது சகஜம். எக்ஸாஸ்ட் லீக் குளிர்ந்த இன்ஜினில் உரக்கக் கேட்டு, சூடாகச் சூடாகக் குறையும். அந்தச் சிலிண்டரின் பிளக் ஒயரை எடுத்தால் சத்தம் மாறும். டேப்பட் சத்தம் அப்படி மாறாது. எக்ஸாஸ்ட் லீக்கோடு வண்டியை ஓட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் ஆட்கள் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தகடு) ரப்பர் போன துளைகள் வழியாக உள்ளே வந்தால், தலைவலியும் தூக்கமும்தான் முதல் அடையாளம்.

இன்டேக் பக்கம் ஏர் எடுக்கிறதா என்று பார்க்கப் பெட்ரோலையோ கார்ப் கிளீனரையோ தெளிப்பவர்கள் இருக்கிறார்கள். இந்த இன்ஜினில் எக்ஸாஸ்ட் பக்கத்திலேயே இருப்பதால் அது தீயில் முடியும். ஊதுபத்திப் புகை காட்டுவதும் வேண்டாம். தண்ணீர் ஸ்பிரே பாட்டில் போதும். இன்டேக் ஃபிளேஞ்சைச் சுற்றி மெல்லிய தூறலாக அடித்தால், லீக் உள்ள இடத்தில் ஐட்லிங் தடுமாறும். சூடான எக்ஸாஸ்ட் வார்ப்பில் தண்ணீர் பாயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்டேக்கின் உறிஞ்சலை அளக்கும் வேக்கம் கேஜ் இருந்தால் இன்னும் தெளிவு. நம் ஊர்கள் கடல் மட்டத்திலேயே இருப்பதால் மலை ஊர்களுக்கான கழிவு எதுவும் வேண்டாம். நல்ல இன்ஜின் ஐட்லிங்கில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) வரை ஊசி ஆடாமல் நிற்க வேண்டும். இரண்டு சிலிண்டருக்கு ஒரே வாய் என்பதையும் இங்கே பயன்படுத்தலாம். பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாக எடுக்கும்போது ஒன்று, இரண்டு ஆகிய இரண்டுமே மந்தமாகவும், மூன்று, நான்கு நன்றாகவும் இருந்தால், பிளக்கையோ பாயின்ட்டையோ குடையாமல் நேரே முன் இன்டேக் வாயைப் பாருங்கள்.

20 நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, இரவு முழுக்க ஆறவிட்டு, காலையில் அதே வரிசையில் ஒரு சுற்று முறுக்குங்கள். பேக்கிங் அமுங்கியிருப்பதால் நட்டுகள் கொஞ்சம் நகரும். 200 கிலோமீட்டருக்குப் பின் இன்னொரு முறை. சூடாக இருக்கும்போது முறுக்கினால் பித்தளை மரை வழுக்கும்.

புகைச் சான்றிதழுக்குப் போவதை அதுவரை தள்ளிவையுங்கள். 2000-க்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1500 பிபிஎம் வரம்பு. எக்ஸாஸ்ட் இணைப்பில் லீக் இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, கார்பன் மோனாக்சைடு குறைவாகக் காட்டும். இன்டேக்கில் லீக் இருந்தால் மிஸ்ஸிங் வந்து ஹைட்ரோகார்பன் ஏறும். இரண்டில் எது இருந்தாலும் அந்த எண்ணை நம்பி கார்ப்ரேட்டர் ஸ்குருவைத் திருப்புவது தப்பான கலவையில்தான் கொண்டுபோய் விடும். லீக் முழுவதும் நின்றபின், இன்ஜின் நன்றாகச் சூடான நிலையில் கலவையைச் சரிசெய்து, அதன்பிறகு மீட்டரில் வையுங்கள்.